நால்வர் தொடங்கிய சங்கம்

இந்திய நரம்பியல் சங்கம் 1951இல் சென்னையில் உருவானது. தொடங்கியவர்கள் நால்வர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜேக்கப் சாண்டியும் சென்னை அரசு பொது மருத்துவமனையின் பி. இராமமூர்த்தியும் மூளை அறுவை மருத்துவர்கள். பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் இருவரும் நரம்பு மருத்துவம் சார்ந்தவர்கள். 2026உடன் சங்கத்துக்கு 75 ஆண்டு நிறைகிறது. ஆண்டு மாநாடு டிசம்பர் வாக்கில் கூடுவது வழக்கம். இம்முறை அது பவள விழா மாநாடு.

சாண்டி கனடாவின் மான்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். 1949இல் வேலூரில் துறையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்ற இராமமூர்த்தி 1950இல் சென்னையில் பணியைத் தொடங்கினார். சி.டி. ஸ்கேன் வருவதற்கு இருபது ஆண்டுகள் முந்தைய காலம் அது. மூளையைச் சூழ்ந்த நீரை வடித்து, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். இல்லையென்றால் கழுத்து இரத்தக்குழாயில் சாயம் ஏற்றிப் படம் எடுப்பார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலும் கட்டி நேராகத் தெரியாது. அது எதைத் தள்ளியிருக்கிறது என்பதுதான் தெரியும். அதை வைத்தே மண்டையைத் திறந்தார்கள். வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையை 1952இலேயே வேலூரில் சாண்டி செய்திருக்கிறார் என்பது இன்று நினைத்தாலும் வியப்பளிக்கிறது.

ஆனால் கருவிக் குறையைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. பாடநூல்கள் ஐரோப்பிய, அமெரிக்க நோயாளிகளைப் பார்த்து எழுதப்பட்டவை. மூளையில் காசநோய்க் கட்டி அங்கே அரிது. இங்கே அன்றாடம் வந்தது. எங்கோ ஒரு மருத்துவர் தனியாகப் பார்த்ததை மற்றவர் பார்த்ததோடு ஒப்பிட ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஆண்டுக் கூட்டம். 1953இல் தொடங்கிய 'நியூராலஜி இந்தியா' இதழும் அதற்காகத்தான்.

அதன் பலனை 1970இல் அந்த இதழில் வந்த ஒரு கட்டுரை காட்டுகிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிதையும் நோய், நூல்களின்படி, பெரும்பாலும் நடுவயதுக்குப் பின் வந்து சில ஆண்டுகளில் உயிரைப் பறிப்பது. சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி மூவரும் இளவயதினரிடம் அதன் வேறொரு வடிவத்தைக் கண்டார்கள். கைகால் மெலியும், முகமும் நாக்கும் தளரும், பலருக்குக் காது மந்தமாகும். ஆனால் நோய் மெல்லவே நகரும், நோயாளி பல்லாண்டு வாழ்வார். உலக நூல்களில் அதற்கு 'மெட்ராஸ்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இன்னொரு கண்டுபிடிப்பு வேலூரிலிருந்து வந்தது. சி.டி. ஸ்கேன் பரவிய பிறகு, வலிப்போடு வரும் பலருடைய மூளையில் சிறு வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி தெரிந்தது. காசநோய் என்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். 1980களின் இறுதியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தத் திசுவை எடுத்துச் சோதித்தபோது பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் அழிந்த தடம் என்று தெரிந்தது. பலருக்கு அது தானே மறையும். வலிப்பு மாத்திரை போதும். எத்தனையோ பேர் தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்தும் அறுவையிலிருந்தும் தப்பினார்கள். சங்கத்தை நிறுவிய தலைமுறை ஏங்கியது இத்தகைய அறிவுக்குத்தான்.

1990களின் தொடக்கத்தில் நரம்பு மருத்துவர்கள் தங்களுக்கென இந்திய நரம்பியல் அகாடமியை அமைத்தார்கள். துறை பெருத்தபின் அது தவிர்க்க முடியாததுதான். ஆனாலும் கத்தி பிடிப்பவரும் மருந்து எழுதுபவரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒரே அரங்கில் வாதிடும் வழக்கத்தைப் பழைய சங்கம் விட்டுவிடக் கூடாது. பவள விழாவில் புதுக் கருவிகளுக்கான அமர்வுகள் நிறையவே இருக்கும். மாவட்ட மருத்துவமனை ஒன்றில் எந்த நூலுக்கும் பொருந்தாத ஒரு நோயாளியைப் பார்த்த இளம் மருத்துவருக்கும் பிரதான மேடையில் பதினைந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். 1970இன் கட்டுரையும் அப்படிப் பொருந்தாத நோயாளிகளைப் பார்த்தவர்கள் எழுதியதுதான்.