பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது!

இணையப் பக்கம் மெதுவாகத் திறந்தால் முதலில் திட்டு வாங்குவது நெட் கம்பெனி. அடுத்தது டவர். அதற்கடுத்து பாவம், பழைய போன். பக்கத்தைச் செய்தவரை மட்டும் யாரும் கேட்பதே இல்லை. பெரும்பாலும் குற்றவாளி அவர்தான்!

சர்வரை மாற்றினால் சரியாகிவிடும் என்று பணத்தைக் கொட்டுபவர்கள் உண்டு. யாஹூவில் வேலை பார்த்த ஸ்டீவ் சௌடர்ஸ் 2007-லேயே இதை அளந்து புத்தகமாக எழுதிவிட்டார். காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை, பக்கத்தின் எழுத்து வந்து சேர்ந்த பிறகுதான் செலவாகிறது. படம், ஸ்கிரிப்ட், ஸ்டைல் ஃபைல் என்று ஒவ்வொன்றாக இறங்குகிறதே, அதற்கு.

யூடியூபில் நடந்த ஒரு கதை இங்கே அவசியம். 2009 வாக்கில் அதன் வீடியோ பக்கம் 1.2 எம்பி எடை இருந்தது. கிரிஸ் ஜக்கரையாஸ் என்ற பொறியாளர் அதை 100 கேபிக்குள் அடக்கிக் காட்டுகிறேன் என்று இறங்கினார். வெட்டி வெட்டி 98 கேபிக்குக் கொண்டுவந்தார். ஒரு பகுதிப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டுப் பார்த்தால்... சராசரி நேரம் குறையவில்லை, கூடியிருந்தது!

குழம்பிப் போனவருக்கு ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று அதுவரை எட்டிப் பார்க்காத ஊர்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு இந்த மெலிந்த பக்கமே இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. பழைய பக்கம் என்றால் 20 நிமிடத்தைத் தாண்டியிருக்கும். யார் காத்திருப்பார்கள்? 2012-ல் அவரே இதை எழுதினார்.

"எங்கள் தளத்தைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லையே" என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திறக்காமல் கிளம்பிப் போனவர் எப்படிப் புகார் சொல்வார்?

இப்போதுதான் 4ஜி, 5ஜி எல்லாம் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, சரி. நம்மூர் பிளான்கள் பலவற்றில் அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக இறங்கிவிடுமே! அந்த வேகத்தில் 2.5 எம்பி பக்கம் திறக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். 100 கேபி பக்கம் 13 விநாடியில் வந்துவிடும். வீட்டுக்கு ஒரே போன், அண்ணன் பகலெல்லாம் வீடியோ பார்த்துத் தீர்த்தாயிற்று, தங்கை இரவு 11 மணிக்கு விண்ணப்பம் போட உட்காருகிறாள், 12 மணியோடு கடைசி நாள் முடிகிறது. அந்த நேரத்தில் முகப்பில் ஓடும் ஸ்லைடு ஷோ யாருக்கு வேண்டும்?

முதலில் கைவைக்க வேண்டியது படத்தில். போன் கேமராவில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றிவிட்டு, திரையில் உள்ளங்கை அகலத்துக்குக் காட்டுவார்கள். சிறிதாகத் தெரிந்தாலும் இறங்குவது முழு 4 எம்பிதான்! காட்டும் அளவுக்கே சுருக்கி ஏற்றினால் 50 கேபி போதும்.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொன்று. யுனிகோடு யுடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, கம்ப்யூட்டருக்கு 15 பைட். 'டமில்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைட்தான். பயப்பட வேண்டாம், சர்வரில் ஜிஸிப் சுருக்கத்தை இயக்கிவிட்டால் பெரும்பகுதி குறைந்துவிடும். ஆனால் அழகுக்காக நான்கைந்து தமிழ் ஃபான்ட்களைக் கூடவே அனுப்புவதை எந்தச் சுருக்கமும் காப்பாற்றாது. ஒன்று போதாதா?

மற்றபடி கேஷ் வைப்பது, ஸ்கிரிப்டைக் கடைசியில் ஏற்றுவது, கீழே உள்ள படங்களை அங்கே போகும்போது மட்டும் இறக்குவது எல்லாம் அரைநாள் வேலை.

குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதிக்குப் போனால், பக்கத்தின் எடை கிலோபைட் கணக்கில் தெரியும். வேகத்தை வேண்டுமென்றே குறைத்துப் பார்க்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. தளம் நடத்துபவர்கள் அதை 64 கேபிபிஎஸ்ஸுக்கு வைத்துவிட்டு, சொந்த முகப்புப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.