படத்தோடு கணக்கையும் தருக

நிழற்படம் எடுத்தல் ஒரு காலத்தில் மிகச் சிலர்க்கே உரிய கலையாயிருந்தது. காமிராவும் பிலிமும் இருட்டறையும் மருந்துநீரும் வேண்டியிருந்தமையின், பொருள் படைத்தோரும் அதனைத் தொழிலாகக் கொண்டோருமே அதிற் பயின்றனர். இன்றோ, கைப்பேசி உடையார் எல்லாரும் படம் எடுப்போரே. விடுதி முற்றத்திலும், விளையாட்டுக் களத்திலும், கல்லூரி நாள் விழாவிலும் எடுக்கப்படும் படங்கள் அன்று மாலைக்குள்ளாகவே நூற்றுக்கணக்கான நண்பர்களைச் சென்று சேர்கின்றன. இது மகிழத்தக்கதே. ஆயினும், இத்துணைப் படங்களை எடுத்தும், அவற்றை இத்துணைப் பேரோடு பகிர்ந்தும், சென்ற ஆண்டினும் இவ்வாண்டு நன்றாகப் படம் எடுப்போர் நம்மில் எத்தனை பேர் என்று வினவின், விடை மகிழ்ச்சி தருவதாயில்லை. பகிர்தல் பெருகியது, கற்றல் பெருகவில்லை. இதன் காரணத்தையும், இதற்கு யாம் தக்கதெனக் கருதும் பரிகாரத்தையும் ஈண்டுச் சிறிது எடுத்துரைப்பாம்.

நிழற்படத்தின் உயிர்நிலை ஒளி. எவ்வளவு ஒளியைக் காமிராவினுள் ஏற்பது என்று முடிவு செய்தலே எக்ஸ்போஷர் எனப்படும் ஒளியேற்பு. அது மூன்றனால் அமைவது. முதலாவது, அப்பர்ச்சர் என்னும் லென்ஸின் துளை. லென்ஸின் குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுக்க வருவதே எஃப் எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 4 என்றால் துளையின் விட்டம் 12.5 மில்லிமீட்டர். எண் பெருகத் துளை சிறுகும், 2.8, 4, 5.6, 8, 11, 16 என ஒவ்வொரு படி ஏறுந்தோறும் உட்புகும் ஒளி பாதியாகும். இரண்டாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். 1/250 விநாடி திறந்திருப்பதினும் 1/125 விநாடி திறந்திருப்பின் இருமடங்கு ஒளி புகும். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. என்னும் எண். டிஜிட்டல் காமிராவில் இது புதிதாக ஒளியைக் கொணர்வதன்று. ஏற்ற ஒளியின் குறிப்பை மிகுத்துக் காட்டுவதேயாம். இம்மூன்றிற்கும் தனித்தனியே விலை உண்டு. துளையை விரிப்பின் ஓரிடமே தெளிவாய் நின்று முன்னும் பின்னும் மங்கும். நேரத்தை நீட்டின் அசைவன கலங்கும். ஐ.எஸ்.ஓ.வை மிக உயர்த்தின் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும். எதனைக் கொடுத்து எதனைப் பெறுவது என்று தேர்வதே படம் எடுப்பவனின் கடமை.

இவற்றையெல்லாம் காமிரா தானே அமைத்துக்கொள்ளுமே, நாம் ஏன் வருந்தவேண்டும் என்பார் உளர். அவர்க்கு விடை கூறுமுன், காமிராவின் ஒளிமானி எங்ஙனம் தொழிற்படுகின்றது என்று நோக்குவோம். அது தன்முன் உள்ள பொருளினின்று திரும்பிவரும் ஒளியை அளக்குமேயன்றி, அப்பொருள் யாது என்பதை அறியாது. முன்நிற்பது எதுவாயினும் அது நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று கொள்ளுதலே அதன் இயல்பு. அவ்வளவிற்கு எடுத்துக்காட்டாகவே, தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பும் சாம்பல் அட்டையைப் படம் எடுப்போர் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். கரும்பலகையை மட்டும் நோக்கின் ஒளிமானி அதனை வெளுப்பித்துச் சாம்பலாக்கும். வெண்சுவரை மட்டும் நோக்கின் அதனை இருளச் செய்து சாம்பலாக்கும்.

இனி, நம் நாட்டில் நாம் நாள்தோறும் காணும் காட்சியை நினைமின்: சுண்ணாம்பு பூசிய சுவர், சலவை செய்த வெண்சட்டை, மணமகளின் வெண்பட்டு, உச்சிவெயில், இவற்றின் நடுவே கரிய முகங்கள். ஒளிமானி பரந்த வெண்மையைக் கண்டு அஞ்சி ஒளியைக் குறைக்கின்றது. சுவர் சாம்பலாகின்றது, முகமோ கண்ணும் கன்னமும் வேறு தெரியாதபடி இருளில் அமிழ்கின்றது. இக்காலக் கைப்பேசிகள் முகத்தைக் கண்டறியவும், ஒரே நொடியிற் பல படங்களை எடுத்து ஒன்றாக்கவும் வல்லன. எனினும் அவையும் ஊகிக்கின்றனவேயன்றி, நம் நண்பனின் நிறம் இன்னது என்று அறிந்து செய்வனவல்ல.

ஊகிக்கும் பொறியை அமைத்தோர் யாரை மனத்திற்கொண்டு அமைத்தனர் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, வண்ணப் படங்களை அச்சிடுங்கூடங்கள் நிறத்தைச் சரிபார்த்தற்பொருட்டுக் கோடாக் கம்பெனியார் ஓர் அட்டையை அனுப்பிவந்தனர். ஷெர்லி அட்டை என வழங்கிய அதில் இருந்தது வெண்ணிற மேனியுடைய ஒரு பெண்ணின் படம். அவள் முகம் நன்கு விளங்கின் அச்சுச் சரியாயிற்று என்பது கொள்கை. கரிய மேனி எங்ஙனம் தோன்றுகின்றது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவ்வட்டையில் இடமில்லை. பல நிற மேனியுடையாரை ஒருங்கே காட்டும் அட்டையைக் கோடாக் வெளியிட்டது 1990-களிலேயே. கூகிள் நிறுவனத்தார் தம் பிக்ஸல் 6 கைப்பேசியில் பலவகை மேனி நிறங்களையும் உள்ளவாறு காட்டுதற்கென ‘ரியல் டோன்’ என்னும் அமைப்பைச் சேர்த்தது 2021-இல். நிழற்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பெற்றது 1839-இல் என்பதை நோக்கின், கரிய முகம் எத்துணைக் காலம் வாயிலிற் காத்துநின்றது என்பது புலனாகும். ஆகலின், ஒளியளவைப் பொறியின் முடிவிற்கே விட்டுவிடுதல் சோம்பல் மட்டுமன்று. நம்மவர் முகத்திற்குச் செய்யும் அநீதியும் ஆகும்.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். இருண்டுபோன படத்தைப் பெற்றவர், அதனைத் திருத்துவதாக எண்ணி, முகத்தை வெளுப்பாக்கும் செயலி ஒன்றிற் புகுத்தி அனுப்புகின்றனர். இது திருத்தமன்று, முன்னை இருளினும் கொடிய பிழை. ஒளியளவு சரியாக அமைந்த படத்தில் கரியவன் கரியவனாகவே இருப்பான். ஆனால் அவன் நெற்றியின் மினுக்கமும், கண்ணின் ஒளியும், கன்னத்தின் மடிப்பும் ஒன்றொன்றாய்த் தெரியும். வெளுப்பித்த படத்திலோ இருப்பவன் வேறு ஒருவன். உள்ளதை விளக்குதல் கலை. உள்ளதை நாணி மறைத்தல் கலையாகாது.

இத்திறத்தைக் கற்பது எங்ஙனம்? ஒருவர் மற்றொருவரிடமிருந்தே கற்றல் கூடும். இதனை முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். 1855-இல் லண்டனில் ஒரு கழகத்தார் தாம் எடுத்த படங்களைத் தம்முள் மாற்றிக்கொண்டு ஆல்பமாகத் தொகுத்தபோது, படத்தோடு அதனை எடுத்த முறையையும் சேர்த்து அச்சிட்டனர். நம் சென்னையிலும், 1850-இல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்ஸாண்டர் ஹண்டர் என்பாரின் முயற்சியால், 1856-இலேயே நிழற்படக் கழகம் ஒன்று தோன்றிற்று.

அக்காலத்தார் கைவருந்தி எழுதிய குறிப்பை இன்றைய காமிரா நாம் கேளாமலே எழுதி வைக்கின்றது. எஃப் எண், ஷட்டர் நேரம், ஐ.எஸ்.ஓ. ஆகிய மூன்றும் ‘எக்ஸிஃப்’ என்னும் குறிப்பாகப் படத்தினுள்ளேயே அடங்கியிருக்கின்றன. இம்முறை 1995-இல் ஜப்பானில் வகுக்கப்பெற்றது. 2004-இல் தோன்றிய ஃபிளிக்கர் அக்குறிப்பைப் படத்தின் பக்கத்திலேயே காட்டியது. ஆயின், இன்று நாம் மிகுதியும் கையாளும் வாட்ஸ்அப்பிற் படமாக அனுப்பின் அக்குறிப்பு உதிர்ந்துவிடுகின்றது. இன்ஸ்டாகிராம் அதனைக் காட்டுவதில்லை. படம் மட்டும் செல்கின்றது. அதன் கணக்கு வழியில் அழிகின்றது. எஞ்சுவது விருப்பக் குறி ஒன்றே. அது எடுத்தவனுக்கு இன்பம் தரும். ஆனால் அவனுக்கும் கற்பிப்பதில்லை, கண்டவனுக்கும் கற்பிப்பதில்லை.

கணக்கு உடன்வரின் பயன் எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். தெளிந்த வெயிலில் எஃப் 16 வைத்து, ஐ.எஸ்.ஓ. 100 ஆயின் ஷட்டரை ஏறக்குறைய 1/100 விநாடிக்கு அமைக்க என்பது பழைய விதி. நண்பர் ஒருவர் இவ்வாறு களத்தில் எடுத்த படத்தையும், அதே வேளையில் வேப்பமர நிழலில் எஃப் 5.6 வைத்து எடுத்த படத்தையும் எண்களோடு அனுப்பின், 16-லிருந்து 5.6-க்கு மூன்று படி என்பதையும், அந்நிழலுக்கு எட்டு மடங்கு ஒளி வேண்டியிருந்தது என்பதையும் இளைய மாணவர் ஒரு நோக்கிலே அறிந்துகொள்வர். ஒரு மாத முயற்சியால் அறிவது ஒரு நிமிடத்திற் கைவரும்.

கணக்குக் கலையைக் கொல்லும் என்பார்க்கு யாம் கூறுவது இதுவே. தளை தட்டாத வெண்பாவெல்லாம் கவிதையாகிவிடா. எனினும் தளை அறியாதான் வெண்பாப் பாட இயலாது. விலையுயர்ந்த காமிரா இல்லையே என்பார் தம் கைப்பேசியிலேயே தொடங்கலாம். அதன் துளை பெரும்பாலும் மாறாதது எனினும், திரையில் முகத்தின்மேல் விரல் வைத்து, உடன் தோன்றும் குறியை மேலும் கீழும் நகர்த்தி ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் பல கைப்பேசிகளில் இயலும். பிறர் கணக்கை அப்படியே எடுத்தாண்டு அறிவு மழுங்குவரே என அஞ்சுவாரும் அஞ்சவேண்டா. ஒளி மணிக்கு மணி மாறுவது. நேற்றைய எண் இன்றைக்கு உதவாது. அவ்வெண்ணைத் தேர்ந்த காரணமே என்றும் உதவுவது.

ஆகவே, நம் கல்லூரி மாணவ மாணவியர் முன்னர்ச் சில வழிகளை வைக்கின்றோம். படம் பகிர்வோர் அதன்கீழ் மூன்று எண்களையும், ஒளி எப்பக்கத்திருந்து வந்தது என்பதையும், ஒளிமானி காட்டியதை மாற்றியிருப்பின் ஏன் மாற்றினர் என்பதையும் இரண்டு வரியில் எழுதுக. நன்றாய் வந்த படம் ஒன்றோடு, அதே காட்சியில் நன்றாய் வாராத படம் ஒன்றையும் இடுக. இரண்டையும் ஒப்பிடுவதிலே கல்வி உளது. காண்போர் ‘அருமை’ என்று கூறி அமையாது, எது விளங்குகின்றது, எது விளங்கவில்லை என்று அன்போடு எடுத்துரைக்க. பிறர் முகத்தை அவர் இசைவின்றி வெளுக்காதிருப்போம். படத்தினுள் எடுத்த இடத்தின் குறிப்பும் பதிந்திருக்கக்கூடும் ஆகலின், வீட்டிலும் விடுதியிலும் எடுத்தவற்றை அயலார்க்கு அனுப்புமுன் அதனை மட்டும் நீக்கிவிடுதல் நன்று. பருவத்திற்கு ஒருமுறை, நூலகத்தின் ஒரு சுவரில் இத்தகைய படங்களைக் கணக்கோடு தொங்கவிடின், செலவு சிறிது, பயன் பெரிது.

தமிழ் நூல்கள் உரையோடு வழங்கியமையாலன்றோ, காலங்கடந்த பின்னும் நாம் அவற்றைக் கற்கின்றோம். உரையாசிரியர் எழுதாதிருந்தால் அரிய பாடல் பல பொருள் விளங்காமலே நின்றிருக்கும். நிழற்படத்திற்கும் ஓர் உரை உண்டு. அஃது அதன் ஒளிக்கணக்கு. அதனை உடனளிப்போர் ஒரு படத்தை மட்டும் தருவோரல்லர். இனி எடுக்கப்படும் படங்கள் பலவற்றிற்கு வழியையும் தருவோராவர். அவ்வழியே நம்மவர் முகங்கள் இருளாலும் மறையாது, பொய் வெளுப்பாலும் மறையாது, உள்ளபடி விளங்குக.