வரையாட்டுக்கு ரெண்டு மாசம் லீவு கூடாதா?

2,695 மீட்டர் ஆனைமுடி நிற்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். வரையாடு குட்டி போடும் காலம். உடனே ஒரு கூட்டம் புலம்பும்: "மூணாறு வரைக்கும் வந்தது வேஸ்ட்! கடைக்காரங்க பிழைப்பும் போச்சே!"

கணக்கைச் சரியாகப் போடுங்கள் சாமி! அந்த 97 சதுர கிலோமீட்டர் 1978-ல் தேசியப் பூங்கா ஆனதே வரையாட்டுக்காகத்தான், போட்டோ பிடிக்க அல்ல. பெட்டை பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும். ஆள் கூட்டத்துக்கு மிரண்டு அதையும் விட்டு ஓடினால் மந்தைக்கு ஏது வரவு? மற்ற பத்து மாதமும் ராஜமலையில் டிக்கெட் விற்பது அந்த ஆட்டை நம்பித்தானே? முதலையே தின்றுவிட்டு வட்டி கேட்டால் எந்தக் கடை நிலைக்கும்? இரண்டு மாதம் பொறுக்க முடியாதவர்களுக்கு மலை எதற்கு?