மருந்து வந்தால் போதுமா?

எச்.ஐ.வி. மருந்து வந்துவிட்டதாம்; ஆகவே ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கிறிஸ்தவ மிஷன்கள் மூட்டை கட்ட வேண்டுமாம். மருந்து உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் அங்குள்ள எஸ்வாத்தினி நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இன்றும் அந்தக் கிருமியோடுதான் வாழ்கிறார். பல வீடுகளில் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியே தாய்.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. தென்னாப்பிரிக்காவில் அந்தப் பணத்தில் நடந்த எச்.ஐ.வி. சிகிச்சை மையங்கள் பல மூடப்பட்டன. அப்போதும் இத்தகைய பிள்ளைகளின் ஊரிலேயே இருந்தவை மிஷன்களோடு இணைந்த உள்ளூர்ச் சபைகள். அவற்றையும் போகச் சொல்வது கொடுமை.

ஆனால் மிஷன்கள் நடத்தும் அநாதை விடுதிகளைக் குறைகூறுவதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆதரவற்றோர் எனப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உறவினரோ இருக்கிறார்கள். விடுதிக் கட்டடத்துக்கு நிதி திரட்டும் மிஷன், அந்தப் பணத்தைப் பாட்டியின் மக்காச்சோள மாவுக்கும் பள்ளிச் சீருடைக்கும் மருத்துவமனைப் பேருந்துக் கட்டணத்துக்கும் கொடுக்கட்டும்.