இங்கிலீஷ் நோட்டு நிரம்புது... மார்க் மட்டும் ஏன் ஏறலை?

திண்டுக்கல்,-

சின்னாளபட்டியில் தறி ஓயும் நேரம். வேடசந்தூர் பக்கம் மில் ஷிப்ட் முடிந்து அம்மாவும் வீடு திரும்பியாச்சு. பிள்ளை இங்கிலீஷ் வீட்டுப்பாடத்தை நீட்டுகிறான். "கைடை பார்த்து எழுதுப்பா..." இதைத்தவிர பெற்றோர் என்ன சொல்ல முடியும்?

எழுதிவிடுகிறான். கையெழுத்துகூட முத்து முத்தாகத்தான் இருக்கும். ஆனால் பரீட்சையில் கோட்டை விடுகிறானே, அது ஏன்?

10-ம் வகுப்பில் 2 இங்கிலீஷ் பேப்பரை ஒன்றாக்குவதாக 2019-ல் அரசு அறிவித்தது. இப்போது 100 மார்க்கில் சரிபாதி, அதாவது 50 மார்க், 5 மார்க் கேள்விகளுக்கே போகிறது. கடிதம், விளம்பரம், படம் பார்த்து எழுதுவது எல்லாம் இதில்தான். பரீட்சையில் வரும் படம் கைடில் இருக்குமா என்ன?

தமிழில் பேசு... அப்புறம் எழுது!

உதாரணத்துக்கு மார்க்கெட் படம் என்று வைத்துக்கொள்வோம். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை பார்க்காத பிள்ளை நம்மூரில் உண்டா? முதலில் அங்கே பார்த்ததை தமிழில் சொல்ல விடவேண்டும். லாரி, லோடு, கமிஷன், மார்க்கெட்... அட, பாதி வார்த்தை ஏற்கனவே இங்கிலீஷ்தான்! அதை போர்டில் எழுதி, வார்த்தைக்கு ஒரு சின்ன வாக்கியம். 'தி லாரி கேம் அட் நைட்' போதும். அப்படி 5 வாக்கியத்தை கோர்த்தால் விடை ரெடி.

திருத்துவதிலும் விஷயம் இருக்கிறது. பக்கம் முழுக்க சிவப்பு மை பார்த்தால் பையன் நோட்டை மூடிவிடுவான். இந்த வாரம் இறந்தகால தப்பு மட்டும், அடுத்த வாரம் ஸ்பெல்லிங் என்று பிரித்து திருத்தி, அதையே மறுபடி எழுத வைக்கவேண்டும். 40 நோட்டு திருத்தும் டீச்சருக்கும் சுமை குறையும்.

10-ம் வகுப்புக்கு என்ன வழி?

கொரோனா இடைவெளியை சரிக்கட்ட 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரைதான். பின்தங்கிய 6 முதல் 9-ம் வகுப்பு பிள்ளைகளுக்கு 2025-ல் 'திறன்' திட்டம் தொடங்கியது. தமிழ், கணக்கோடு இங்கிலீசும் இதில் உண்டு. நல்லதுதான். ஆனால் பொதுத்தேர்வு எழுதும் 10-ம் வகுப்பு பிள்ளை இதில் வரவில்லை. அவனுக்கு பள்ளி வைக்கும் ஸ்பெஷல் கிளாஸ்தான் கதி. அதையும் சாயங்காலம் வைத்தால், டவுன் பஸ்சை விட்டால் வேறு வண்டி இல்லாத கிராமத்து பிள்ளை பாதியில் பையை தூக்கிவிடுவான். காலையிலோ மதிய இடைவேளையிலோ அரை மணி நேரம் ஒதுக்கினால் அவனும் இருப்பான்.

இங்கிலீஷ் தெரியாத பெற்றோரும் ஒன்று செய்யலாம். நோட்டை பார்க்கவேண்டாம். "என்னப்பா எழுதியிருக்கே, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். முழித்தால், அது கைடு எழுதினது!