வலி மாத்திரை எல்லாம் ஒன்றல்ல!

முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊர் முத்தாண்டிக்குப்பம். அங்கே ஒரு வீட்டில் புற்றுநோய்க்காரர் இரவெல்லாம் வலியில் துடிப்பதாக வைத்துக்கொள்வோம். "மார்பின் வேண்டாம், அது அபின்!" என்று முதலில் தடுப்பவர்கள் உறவினர்களே. விந்தை என்னவென்றால், முதுகு வலிக்கு டிரமடாலை அவர்களே கேள்வி கேட்காமல் விழுங்குவார்கள்!

குருமாவுக்கு அரைக்கும் கசகசா விளைகிறதே, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். மார்பினும் கோடீனும் அதில் உள்ளவை. டிரமடாலும் பென்டனிலும் ரசாயன ஆலையில் பிறந்தவை. நான்கும் பங்காளிகள், பலத்தில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கோடீனில் ஒரு பகுதியை ஈரல் மார்பினாக மாற்றுகிறது. சிலர் உடலில் இந்த மாற்றம் அதிவேகமாக நடந்துவிடும். ஆகவே 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது ஆகாது. 'லேசான மருந்து' என்று பெயரெடுத்த டிரமடால், அளவு மீறினால் வலிப்பையே கொண்டுவரும். 2018-ல் அதுவும் போதைப் பொருள் சட்டத்துக்குள் வந்தது. பென்டனிலோ எடைக்கு எடை மார்பினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ளது. தோலில் ஒட்டும் அந்தப் பட்டை மீது வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால், மருந்து மளமளவென்று இறங்கி மூச்சை அடக்கிவிடும்.

டாக்டர் அளந்து கொடுக்கும் மார்பினால் புற்றுநோயாளி போதைக்கு அடிமையாவது அபூர்வம். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து வேண்டும், அவ்வளவுதான். 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைக்கவே அஞ்சின. 2014-ல் சட்டம் தளர்த்தப்பட்டது. காசீப்பூரில் 1820 முதல் அபின் ஆலை நடக்கும் நாடு இது. தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் மார்பின் மாத்திரை இருப்பில் உள்ளதா என்று சுகாதார இலாகா கணக்கெடுக்கட்டும்.