புரோட்டானின் அடர்த்தி யாது?

பொருளின் நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும் என்பதை, எம்மொழிப் பள்ளியில் பயின்றாலும், நம் சங்கக் குடும்பச் சிறுவர்கள் நன்கறிவர். அவ்வழியே அணுவின் கருவில் உறையும் புரோட்டானுக்கும் அடர்த்தி காண இயலுமோ என்று மாணவர் ஒருவர் நம்மை வினவியுள்ளார். இயலும். வகுத்தல் எளிது, அளவுதான் தொல்லை தருவது.

நிறையில் ஐயமில்லை. 1.67 கிராமை, 1க்குப் பின் 24 சுழிகள் இட்ட எண்ணால் வகுத்தால் வருவது அது. நீளத்திற்கு ஃபெர்மி என்னும் அலகைக் கொள்வோம்; ஒரு சென்டிமீட்டரைப் பத்து லட்சம் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு ஃபெர்மி. புரோட்டானின் ஆரம் ஏறத்தாழ 0.84 ஃபெர்மி. 0.84 × 0.84 × 0.84 என்பதை 4.19ஆல் பெருக்கக் கன அளவு 2.48 கன ஃபெர்மி ஆகிறது. ஒரு கன சென்டிமீட்டரில் அடங்கும் கன ஃபெர்மிகளோ 1க்குப் பின் 39 சுழிகள் இட்ட தொகை! ஆகவே 1.67ஐ 2.48ஆல் வகுத்து, 1க்குப் பின் 15 சுழிகள் இட்ட எண்ணால் பெருக்கினால், ஒரு கன சென்டிமீட்டருக்கு 67 கோடி டன் என்று விடை வருகிறது. புளியங்கொட்டை அளவான இடத்தில் இத்துணைப் பாரம்!

ஏட்டை மூடுமுன் அந்த 0.84 எங்கிருந்து வந்தது என்று கேட்டல் வேண்டும். 1950களில் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் எலக்ட்ரான்களைப் புரோட்டான்மீது எறிந்து, அவை சிதறும் பாங்கிலிருந்து அதன் அளவைக் கணித்தார். 1961இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். பின்னாளில் 0.88 என்னும் அளவே பெரிதும் ஏற்கப்பட்டது. 2010இல் சுவிட்சர்லாந்தில், எலக்ட்ரானுக்குப் பதிலாக அதனினும் 200 மடங்கு கனத்த மியூவானைப் புரோட்டானைச் சுற்றவிட்டு அளந்தபோது 0.84 என்று வந்தது. விஞ்ஞானிகள் திகைத்தனர். 2019இல் வெளியான எலக்ட்ரான் சோதனைகளும் சிறிய அளவையே ஆதரித்தன. வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம், ஆயினும் 0.88 என்று கொண்டால் அடர்த்தி 59 கோடி டன்னாகக் குறைந்துவிடும். ஆரத்தை மும்முறை பெருக்குவதன் விளைவு அது.

இன்னொன்றும் உண்டு. புரோட்டானுக்குக் கோலிக்குண்டைப் போல் விளிம்பு கிடையாது. 0.84 என்பது மின்னூட்டம் பரவியுள்ள தொலைவின் ஒருவகைச் சராசரியே. நிறை பரவிய அளவு வேறாகவும் இருக்கக்கூடும். உள்ளெங்கும் சீராக நிரம்பிய உருண்டைக்கு அச்சராசரி வரவேண்டுமாயின், உருண்டையின் ஆரம் 1.08 ஃபெர்மியாக இருத்தல் வேண்டும். அப்போது அடர்த்தி 31 கோடி டன்தான்!

வினவிய மாணவர் தம் விடையருகே, கொண்ட ஆரம் எது என்பதையும் எழுதிவைப்பாராக. மொத்தத்தில் மின்னூட்டமற்ற நியூட்ரானுக்கு இவ்வழி அப்படியே உதவாது. அதனை அடுத்த திங்கள் காண்போம்.